மருந்துப் பெட்டியோடு போனவர் மாஜிஸ்திரேட் ஆன கதை: டாக்டர் ஹெல்ம்கன், ஃபோர்ட் ரூபர்ட், 1850

வேம்படியான் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக என் மனதை விட்டு இறங்காத ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜான் செபாஸ்டியன் ஹெல்ம்கன். 1824இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் ஒரு ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தவர். வசதியான வீடு கிடையாது. ஒரு மருத்துவரிடம் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றார், பிறகு கைஸ் மருத்துவமனையில் படித்தார். அடிசன் நோய் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தத் தாமஸ் அடிசன் அங்கே பணியாற்றிய காலம் அது. படிப்பு முடியும் முன்பே 1847இல் ஹட்சன் விரிகுடாவுக்குக் கப்பல் மருத்துவராக ஒரு நடை போய்வந்தார். 1848இல் அறுவை மருத்துவர் தகுதி கிடைத்தது. அப்புறம் இந்தியா, சீனா பக்கம் ஒரு கடல் பயணம். அதற்குப் பின் விலங்குத் தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, ‘நார்மன் மோரிசன்’ என்ற கப்பலில் ஏறி, 1850 மார்ச்சில் இன்றைய கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவில் வந்து இறங்கினார். வழியில் கப்பலில் பெரியம்மை. அதைச் சமாளித்துக்கொண்டே வந்தார். அப்போது அவருக்கு வயது 25.

அந்தத் தீவு எப்படிப்பட்ட இடம் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். 1849 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு அதைக் குடியேற்றமாக அறிவித்து, முழுத் தீவையும் ஹட்சன் பே கம்பெனிக்கு ஆண்டுக்கு 7 ஷில்லிங் வாடகைக்குக் கொடுத்தது. ஆளுநராக ரிச்சர்ட் ப்ளான்ஷார்ட் என்ற இளம் வழக்கறிஞர் வந்தார். அவருக்குச் சம்பளம் இல்லை, படை இல்லை, தங்க ஒழுங்கான வீடுகூட இல்லை. வெள்ளைக்காரர்களில் அநேகமாக எல்லோரும் கம்பெனி ஆட்கள். ஆக, ஆளுநர் ஆள்வதற்கு அங்கே கம்பெனியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

தீவின் வடகோடியில் நிலக்கரி இருக்கிறது என்று தெரிந்ததும் கம்பெனி அங்கே 1849இல் ஒரு கோட்டை கட்டியது. அதுதான் ஃபோர்ட் ரூபர்ட். மரத்தூண் வேலிக்கு வெளியே குவாகியுத்ல் பழங்குடி மக்களின் பெரிய ஊர். உள்ளே கம்பெனி அதிகாரிகள், பிரெஞ்சுக் கனடியர்கள், ஹவாய் தீவுகளிலிருந்து வந்த கூலிகள், ஸ்காட்லாந்திலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் சில குடும்பங்கள். நம் டாக்டரை அங்கே அனுப்பினார்கள். போய்ச் சில வாரங்களில், ஜூன் மாதம், ப்ளான்ஷார்டிடமிருந்து கடிதம் வருகிறது: இன்று முதல் நீர்தான் இந்த இடத்து மாஜிஸ்திரேட்.

சட்டம் படிக்காதவர். உதவிக்கு ஒரு கான்ஸ்டபிள் இல்லை, சிறை இல்லை, எழுத்தர் இல்லை. பட்டம் மட்டும் வந்து சேர்ந்தது.

அவர் அதை எப்படிச் சுமந்தார் என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன். என்னைப் பொறுத்தவரை துணிச்சலான, நேர்மையான மனிதர் அவர். படித்தவர்கள், அறிந்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

---

நெய்வேலி பாலு

ஐயா, அந்தச் சுரங்கத் தொழிலாளர் விஷயத்தை லேசாகத் தொட்டுவிட்டுப் போகாதீர்கள். நானும் சுரங்கத்தில் முப்பது வருடம் ஓட்டியவன். இந்தக் கதையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மியூர் குடும்பம் என்று ஒரு குடும்பம், ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியைச் சேர்ந்தவர்கள். கரி வெட்டுவது அவர்கள் தொழில், வெட்டும் கரிக்குக் கூலி என்றுதான் ஒப்பந்தம். வந்து பார்த்தால் வெட்டுவதற்குத் தக்க கரிப்படுகையே அங்கே இல்லை. கம்பெனி அதிகாரிகள் என்ன செய்தார்கள்? குழி தோண்டு, கால்வாய் வெட்டு, எடுபிடி வேலை செய் என்றார்கள். வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கரி வெட்டுகிறவனை மண் தோண்டச் சொன்னால் அவனுடைய கூலிக் கணக்கே போய்விடும். கரி வெளியே வந்தால்தானே காசு? குழி இறக்கும் நாட்களெல்லாம் அவனுக்கு வெறும் நாட்கள். போதாததற்கு, சுற்றிலும் ஆயுதம் ஏந்திய மக்கள், எந்த நேரம் என்ன நடக்குமோ என்ற பயம்.

வேலைக்குப் போகமாட்டோம் என்றார்கள். கம்பெனி ஆண்ட்ரூ மியூரையும் ஜான் மெக்ரிகரையும் பிடித்துக் காலில் விலங்கு மாட்டி, ஆறு நாள் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்து அடைத்து வைத்தது. விசாரணை கிடையாது. தண்டனை கொடுத்தவரும் முதலாளி, புகார் சொன்னவரும் முதலாளி. இதெல்லாம் டாக்டர் அந்தக் கோட்டைக்குப் போவதற்கு முன்பே நடந்து முடிந்தது.

அப்படி ஒரு இடத்தில் கம்பெனியிடம் சம்பளம் வாங்கும் ஒருவரை நீதிபதி என்று நிறுத்தினால், விலங்கு மாட்டப்பட்டவன் அவரை எப்படிப் பார்த்திருப்பான்? அதைச் சொல்லுங்கள்.

---

வேம்படியான்

பாலு, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். நான் எழுத நினைத்ததும் அதையொட்டியதுதான்.

விலங்கு அவிழ்த்த பிறகும் அவர்கள் வேலைக்குத் திரும்பவில்லை. ‘இங்கிலாந்து’ என்ற பெயருடைய கப்பல் ஒன்று கரி ஏற்ற வந்து நின்றது. கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த நேரம். ஜூலை தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் ஓடிப்போய்விட்டார்கள். அதே கப்பலில் ஏற்கெனவே வேறு சிலரும் ஒளிந்திருந்தார்கள். யார் தெரியுமா? டாக்டர் வந்த ‘நார்மன் மோரிசன்’ கப்பலிலிருந்து, தீவின் தென்கோடியில் ஆளுநர் இருந்த ஊரான விக்டோரியாவில் ஓடிய மாலுமிகள். ஐந்து மாதம் அவரோடு ஒரே கப்பலில் வந்தவர்கள்.

மாஜிஸ்திரேட் என்ற முறையில் ஓடிவந்தவர்களைப் பிடிக்க வேண்டிய பொறுப்பு இப்போது அவர் தலையில். கோட்டையில் இருந்த ஆட்களைக் கூப்பிட்டு, தற்காலிகக் கான்ஸ்டபிளாக உறுதிமொழி எடுங்கள் என்று கேட்டார். ஒருவரும் வரவில்லை. கூட வேலை செய்கிறவனைப் பிடிக்க எவன் வருவான்? அவர்களுக்கே ஓடிப்போகும் எண்ணம் இருந்தது.

பிடிக்க ஆள் வருகிறது என்ற பயத்தில் மூன்று மாலுமிகள் கப்பலை விட்டு இறங்கி, கரையோரமாக ஒதுங்கினார்கள். அங்கே நஹ்விட்டி என்ற பழங்குடி மக்களில் சிலர் கையில் சிக்கி மூவரும் கொல்லப்பட்டார்கள்.

இளம் டாக்டரின் நிலையை யோசித்துப் பாருங்கள். கோட்டைக்குள் பாதிப்பேர் கம்பெனி மீது கொதிக்கிறார்கள். ஓடியவர்களைத் தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்துக் கொல்லச் சொன்னதே கம்பெனி அதிகாரிதான் என்று ஒரு பேச்சு பரவுகிறது. பிடித்துக் கொடுத்தால் பரிசு என்றுதான் சொன்னார்கள், கொல்லச் சொல்லவில்லை என்பது ஹெல்ம்கனின் உறுதியான கருத்து. அவர் ப்ளான்ஷார்டுக்கு நடந்ததை எழுதுகிறார். கோட்டையின் இன்னொரு அதிகாரி போய் உடல்களைக் கண்டுபிடித்துக் கொண்டுவர, அவற்றை அடக்கம் செய்கிறார்கள்.

எனக்கு அவரிடம் பிடித்தது இதற்கு அடுத்த நடவடிக்கை. இங்கே வரும் வழக்கெல்லாம் கம்பெனிக்கும் அதன் வேலைக்காரர்களுக்கும் நடுவில்தான் வருகிறது, நானோ கம்பெனியின் ஊழியன், இது சரிவராது என்று அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். ப்ளான்ஷார்டும் அதை ஒப்புக்கொண்டு லண்டனுக்கு எழுதினார். கிடைத்த நாற்காலியை இப்படி யார் விடுவார்கள்?

---

கருப்புக்கோட்டு (மதுரை)

வேம்படியான் சார், ஒரு சின்னத் திருத்தம். சட்டம் படிக்காதவரை மாஜிஸ்திரேட் ஆக்கியதை நீங்கள் விசித்திரமாகச் சொல்கிறீர்கள். இங்கிலாந்தில் அது விசித்திரமே கிடையாது. ‘அமைதி நீதிபதி’ என்ற பதவி நூற்றாண்டுகளாகச் சட்டம் படிக்காத ஊர்ப் பெரியவர்களுக்குக் கொடுக்கப்பட்டதுதான். நிலக்கிழார், பாதிரியார் என்று யாராவது உட்கார்ந்து சில்லறை வழக்குகளைத் தீர்ப்பார்கள். பக்கத்தில் சட்டம் தெரிந்த எழுத்தர் ஒருவர் இருப்பார், ஊருக்கு ஒரு கான்ஸ்டபிள் இருப்பார், தீர்ப்பு தவறு என்றால் மேலே போக வழி இருக்கும். அந்த முட்டுக்கால்களால்தான் அந்த மண்டபம் நின்றது. ப்ளான்ஷார்ட் மண்டபத்தின் பெயரை மட்டும் பெயர்த்துக் காட்டுக்குக் கொண்டுபோனார்.

பிறகு நடந்ததைப் பார்த்தால் இந்த ஹெல்ம்கன் எவ்வளவோ மேல் என்று தோன்றும். 1851இல் ப்ளான்ஷார்ட் மனம் வெறுத்துப் போய்விட்டார். கம்பெனியின் தலைமை அதிகாரி ஜேம்ஸ் டக்ளஸே ஆளுநர் ஆனார். இரண்டு பதவியும் ஒரே ஆளிடம். 1853இல் அங்கே ஒரு மேல் நீதிமன்றம் ஏற்படுத்தி அதற்கு நீதிபதியாக டேவிட் கேமரன் என்பவரைப் போட்டார். கேமரன் யார்? துணி வியாபாரம் பார்த்தவர், தோட்டத்தில் மேற்பார்வை பார்த்தவர், தீவுக்கு வந்தது கம்பெனியின் சுரங்கத்தில் எழுத்தர் வேலைக்கு. டக்ளஸின் தங்கை கணவர். குடியேறிகள் கொதித்துப்போய் லண்டனுக்கு மனு அனுப்பினார்கள். ஆனாலும் அவர் 1860களின் பாதிவரை அந்த நாற்காலியில் இருந்தார்.

மச்சான் நாற்காலியை விடவில்லை. டாக்டர் விட்டார். இந்த வேறுபாட்டுக்காக நான் அவருக்கு ஒரு கும்பிடு போடுவேன். அதற்காக அவரைத் தூக்கி வைத்து ஆடவும் மாட்டேன். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன், நாளை ஒரு வாய்தா இருக்கிறது.

---

மலைச்சாரல் டாக்டர்

நான் மருத்துவர். இந்த இழையை இரண்டு முறை வாசித்தேன்.

படிப்பு முடித்த புதிதில் மலைமேல் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில் வேலை பார்த்தேன். சம்பளம் எஸ்டேட் கொடுக்கிறது, நோயாளி எஸ்டேட் தொழிலாளி. ஒருநாள் கொழுந்து எடுக்கும் ஒரு அம்மா கை முறிந்து வந்தார். வேலை நேரத்தில் விழுந்தார் என்று நான் எழுதினால் நட்டஈடு கொடுக்க வேண்டும். வீட்டில் விழுந்தார் என்று எழுதினால் ஒன்றும் கிடையாது. மேலே இருந்து ஒருவர் என் அறைக்கு வந்து உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு, ‘பார்த்து எழுதுங்கம்மா’ என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அன்று வயது 26. உண்மையைத்தான் எழுதினேன், ஆனால் எழுதும்போது கை நடுங்கியது. அடுத்த வருடம் அந்த வேலையை விட்டு வந்துவிட்டேன்.

ஆகவே ஹெல்ம்கன் விலகியதைப் படித்ததும் எனக்கு உடனே புரிந்தது. கம்பெனி டாக்டர் என்றாலே பாதி நீதிபதிதான். யாருக்கு உண்மையில் காய்ச்சல், யார் வேலைக்குப் போகாமல் படுத்திருக்கிறார் என்று தினமும் தீர்ப்புச் சொல்லும் வேலை அது. அந்த ஆளிடமே மீதி நீதிபதி வேலையையும் கொடுத்தால், நோயாளி அவரிடம் வாய் திறக்கவே பயப்படுவான். ஒரு மருத்துவருக்கு அதைவிடப் பெரிய இழப்பு கிடையாது.

இன்னொன்று. அந்த வருடக் கடைசியில் அவரை விக்டோரியாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எதற்கு? ப்ளான்ஷார்டுக்கு உடல்நலம் கெட்டுவிட்டது, பார்க்க டாக்டர் வேண்டும் என்று. ஃபோர்ட் ரூபர்ட்டிலிருந்து விக்டோரியாவரை குளிர்காலக் கடலில் ஓடத்தில் வந்தார். தீவின் முழு நீளத்துக்குமான தூரம். தன்னை மாஜிஸ்திரேட் ஆக்கிய ஆளுநருக்கு நோயாளி–மருத்துவர் உறவில் முடிந்தது கதை. அதற்குப் பின் வாழ்நாள் முழுக்க மருத்துவம்தான். 1885இல் பிரிட்டிஷ் கொலம்பியா மருத்துவச் சங்கத்தின் முதல் தலைவர் அவர்தான்.

---

செம்பருத்தி

நான் கல்லூரி மாணவி. எல்லோரும் பெரியவர்கள், தவறாக நினைக்காதீர்கள்.

மூன்று மாலுமிகள் கொல்லப்பட்டார்கள் என்பதோடு வேம்படியான் ஐயா அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்த நஹ்விட்டி மக்களுக்கு என்ன ஆனது? நான் தேடிப் படித்தவரை அவர்கள் ஊரே எரிக்கப்பட்டது. அதில் இந்த டாக்டருக்குப் பங்கு உண்டா இல்லையா? துணிச்சலான நேர்மையான மனிதர் என்று சொல்வதற்கு முன்னால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

---

கருப்புக்கோட்டு (மதுரை)

செம்பருத்தி, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாயம்மா. நான் பிறகு எழுதுகிறேன் என்று சொன்னது இதைத்தான்.

1850 அக்டோபரில் ‘டீடலஸ்’ என்ற போர்க்கப்பலில் ப்ளான்ஷார்டே ஃபோர்ட் ரூபர்ட்டுக்கு வந்தார். கொலையாளிகளைக் கேட்டு வாங்கி வா என்று ஹெல்ம்கனை நஹ்விட்டி ஊருக்கு அனுப்பினார். ஒரு ஓடம், ஒரு மொழிபெயர்ப்பாளர், உள்ளூர்த் துடுப்புக்காரர்கள் சிலர். அவ்வளவு பேரோடு ஆயுதம் தாங்கி நின்ற கூட்டத்தின் நடுவில் அவர் போனார். தைரியத்தில் குறை சொல்ல முடியாது.

அங்கே அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் முக்கியம். கொலையை மறுக்கவில்லை. ஆனால் ஆட்களைக் கொடுக்க முடியாது, அதற்கு ஈடாகத் தோல்களைத் தருகிறோம் என்றார்கள். அந்தக் கரையில் உயிருக்கு ஈடு கட்டுவது பழைய வழக்கம். இறந்தவனின் ஆட்களுக்கு ஈடு கட்டித் தீர்த்தால் பகை முடியும். நம் ஊர்களில் தண்டம் கட்டுவது என்கிறோமே, அதன் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது, அந்த இடத்தில் சட்டம் இல்லை என்று சொல்லவே முடியாது. இரண்டு சட்டங்கள் நேருக்கு நேர் நின்றன. ஒன்று ஈடு கட்டு என்கிறது. மற்றது ஆளைக் கொடு, தூக்கில் போடுகிறேன் என்கிறது. கொன்றவன் மட்டும் பொறுப்பு என்பது ஆங்கிலச் சட்டத்தின் முதல் பாடம். சரி, அதையாவது கடைப்பிடித்தார்களா? இல்லை. ஹெல்ம்கன் வெறுங்கையோடு திரும்பியதும் மாலுமிகளைப் படகுகளில் அனுப்பினார்கள். ஊர் காலியாகக் கிடந்தது, மக்கள் ஒளிந்துகொண்டார்கள். வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டு வந்தார்கள்.

அடுத்த வருடம், 1851 ஜூலையில், ‘டாஃப்னி’ என்ற இன்னொரு போர்க்கப்பல். இந்த முறை துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம், வீடும் ஓடங்களும் அழிப்பு. கொலையாளிகளைப் பிடித்துக் கொடுத்தால் போர்வைகள் பரிசு என்ற அறிவிப்பும் இருந்தது. கடைசியில் நஹ்விட்டிகளே சில உடல்களைக் கொண்டுவந்து, இவர்கள்தான் கொன்றவர்கள் என்று ஒப்படைத்தார்கள். அத்தோடு வழக்கு முடிந்தது. விசாரணை என்று ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை.

லண்டனில் இருந்த குடியேற்ற அமைச்சர் கிரே பிரபுவே ப்ளான்ஷார்டின் நடவடிக்கையை மெச்சவில்லை. குடியிருப்பை விட்டுத் தொலைவில் அலைகிறவர்களைப் பாதுகாக்க அரசு பொறுப்பேற்க முடியாது என்று எழுதினார்.

ஹெல்ம்கன் தீ வைக்கவில்லை, தீ வைக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் தீப்பந்தத்துக்கு முன்னால் போன சம்மன் அவர் கையில்தான் போனது. அதை நான் அவர் கணக்கில் எழுதுவேன்.

---

நெய்வேலி பாலு

வக்கீல் சார், ஒன்று கேட்கிறேன். அவர் போகமாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேறு யாராவது போயிருப்பார், அல்லது யாருமே போகாமல் நேரே பீரங்கி போயிருக்கும். பேசிப் பார்க்க ஒரு ஆள் போனது நல்லதுதானே?

---

கருப்புக்கோட்டு (மதுரை)

பாலு, அது நியாயமான கேள்வி. பேசப் போனது நல்லது. ஆனால் பேசப் போகிறவர் கையில் விட்டுக்கொடுக்க ஏதாவது இருக்க வேண்டும். அவருக்கு ஒரே வரிதான் கொடுத்து அனுப்பினார்கள்: ஆளைக் கொடு. தோலை வாங்கிக்கொண்டு முடிக்கலாமா என்று கேட்டுச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. இதில் வருத்தம் என்னவென்றால், ஹட்சன் பே கம்பெனி அதிகாரிகளுக்கு அந்த ஈடு கட்டும் வழக்கம் நன்றாகத் தெரியும். வியாபாரம் செய்கிற இடத்தில் உள்ளூர் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. தெரிந்தே விட்டார்கள்.

---

எஸ்கிமால்ட் குகன்

அண்ணைமார், அக்காமார், எல்லோருக்கும் வணக்கம். நான் விக்டோரியாவில்தான் இருக்கிறேன். ‘நார்மன் மோரிசன்’ வந்து நங்கூரம் போட்ட எஸ்கிமால்ட் துறைமுகம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். 2010 ஆகஸ்டில் ஈழத்து அகதிகளான எங்கள் ஆட்கள் 492 பேரோடு ‘சன் சீ’ கப்பலைக் கொண்டுவந்து கட்டியதும் இதே எஸ்கிமால்டில்தான். அந்தக் கரையில் நிற்கும்போது இரண்டு கப்பலும் என் நினைவில் ஒன்றாக வரும்.

டாக்டரின் வீடு இன்றும் இருக்கு. 1852இல் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டியது, முதலில் மூன்று அறைதான். பிறகு பிள்ளைகள் பெருக இரண்டு தரம் பெருப்பித்தார்கள். அரசு அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே நிற்குது. அவருடைய மருத்துவக் கருவிகளையும் வைத்திருக்கிறார்கள். கால் வெட்டுகிற வாளைப் பார்த்துவிட்டு என் மகள் இரவு முழுக்கக் கேள்வி கேட்டாள்.

அந்த வீடு யாருக்காகக் கட்டினார் என்று சொல்லவேண்டும். ஆளுநர் டக்ளஸின் மகள் செசிலியாவை அவர் 1852 டிசம்பரில் கட்டினார். டக்ளஸ் பிறந்தது தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில், தாய் கறுப்பு வம்சாவளி. டக்ளஸின் மனைவி அமேலியாவின் தாய் க்ரீ பழங்குடிப் பெண். ஆகவே செசிலியாவின் உடம்பில் மூன்று கண்டத்து ரத்தம் ஓடினது. நஹ்விட்டிக் கரையில் ஆளைக் கொடு என்று கேட்ட மனிதர், இரண்டு வருசத்தில் இப்படி ஒரு குடும்பத்துக்கு மருமகனாகப் போனார். கலியாணத்தன்று சரியான பனி. மதியத்துக்கு முன் சடங்கு முடியவேணும் என்பது சட்டம். கைக்குக் கிடைத்த பெட்டியை வைத்துச் சறுக்குவண்டி செய்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார்களாம்.

செசிலியா 1865இல் செத்துப்போனார். அவர் பிறகு கலியாணம் செய்யவில்லை. ஒரு மகன் மருத்துவர் ஆனார், இன்னொருவர் வழக்கறிஞர் ஆனார். இளைய மகள் டாலி அப்பாவோடேயே அந்த வீட்டில் இருந்து, அவருக்குப் பிறகும் அங்கேயே வாழ்ந்து 1939இல் கண் மூடினார்.

இன்னொரு விஷயம் இங்கே யாரும் கதைக்கவில்லை. 1862இன் பெரியம்மை.

---

மலைச்சாரல் டாக்டர்

குகன் தம்பி, நன்றி. அதை நானே எழுத நினைத்திருந்தேன்.

1862 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வந்த கப்பலோடு பெரியம்மை விக்டோரியாவுக்குள் நுழைந்தது. ஊரைச் சுற்றி வடக்கேயிருந்து வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்த பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கில் கூடாரம் போட்டிருந்தார்கள். ஹெல்ம்கன் அம்மைப்பால் குத்த ஆரம்பித்தார். ஏப்ரல் முடிவதற்குள் ஐந்நூறு பேருக்கு மேல் குத்திவிட்டார் என்று அந்தக் காலப் பத்திரிகை எழுதியிருக்கிறது. பெரும்பாலும் விக்டோரியாவையே சொந்த ஊராகக் கொண்ட சாங்கீஸ் மக்கள். அவர்களில் பலர் ஊசியும் போட்டுக்கொண்டு, ஊரை விட்டுத் தீவுகளுக்கும் ஒதுங்கினார்கள். பிழைத்தார்கள்.

அன்றைய அம்மைப்பால் இன்றைய தடுப்பூசி மாதிரி குப்பியில் வருவதில்லை. ஒருவர் கையில் எழும்பும் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து அடுத்தவர் கையில் கீறிவிட வேண்டும். எட்டாம் நாள் மறுபடி வந்து கையைக் காட்ட வேண்டும், அப்போதுதான் அடுத்த ஆளுக்கு மருந்து கிடைக்கும். நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் கையை நீட்டமாட்டார்கள், நீட்டினாலும் எட்டாம் நாள் திரும்பி வரமாட்டார்கள். ஐந்நூறு பேர் நீட்டினார்கள். அந்த எண்ணைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு என்ன நடந்தது? காவல்துறை கூடாரங்களை எரித்து, போர்ப்படகுக் காவலோடு அவர்களை வீட்டுக்குத் துரத்தியது. ஓடங்களோடு அம்மையும் கரை நெடுக ஊர் ஊராகப் போனது. கரையோரப் பழங்குடி மக்களில் பாதிக்கு மேல் செத்தார்கள் என்பது பலரும் ஒத்துக்கொள்ளும் மதிப்பீடு. தனிமைப்படுத்தி, அங்கேயே வைத்துப் பார்த்து, எல்லோருக்கும் குத்தியிருந்தால் பெரும்பகுதி உயிர்கள் தப்பியிருக்கும். மருத்துவம் அன்றைக்கே தெரிந்ததுதான். செய்யும் மனம்தான் இல்லை. அந்த நேரத்தில் ஹெல்ம்கன் சட்டமன்றத்தின் சபாநாயகர் என்பதையும் மறக்க முடியவில்லை எனக்கு. அம்மைப்பால் கீறும் சிறு கத்தியான லான்செட்டை எடுத்த கை, அந்த நாற்காலியிலிருந்தும் நீண்டிருக்கலாம்.

---

செம்பருத்தி

சபாநாயகரா? அது எப்போது?

---

வேம்படியான்

1856இல் அங்கே முதல் சட்டமன்றம் கூடியது. ஏழே உறுப்பினர்கள். கோட்டைக்குள்ளே பிரம்மச்சாரிகள் தங்கும் மரக்கட்டிடத்தில் ஒரு அறையில். முதல் சபாநாயகர் ஹெல்ம்கன். அதிலிருந்து 1866இல் தீவு பிரிட்டிஷ் கொலம்பியாவோடு இணையும்வரை அநேகமாக அவர்தான். 1866இல் மெக்லூர் என்ற உறுப்பினர் ஒரு மசோதாவைத் தடுக்கப் பதினாறு மணி நேரம் நின்றபடி பேசினார், அவர் உட்கார்ந்ததும் டி காஸ்மோஸ் என்ற இன்னொரு உறுப்பினர் எழுந்து இன்னும் ஏழு மணி நேரம். அதையும் இவர் காலத்துச் சபை கேட்டது.

கனடாவோடு சேர்வதை முதலில் எதிர்த்தார். பிறகு 1870இல் ஒட்டாவாவுக்குப் பேச்சுவார்த்தைக்குப் போன மூவரில் ஒருவரானார். வண்டிப்பாதை கிடைத்தால் போதும் என்ற எண்ணத்தோடு போனவர்களுக்குப் பத்து ஆண்டில் ரயில் என்ற வாக்குறுதி கிடைத்தது. 1871 ஜூலை 20இல் பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவில் சேர்ந்தது. அதோடு அரசியலை முடித்துக்கொண்டு மருத்துவத்துக்கே திரும்பினார். 1920 செப்டம்பர் 1இல், 96 வயதில் இறந்தார்.

செம்பருத்தி, உனக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். நீ கேட்ட பிறகு என் பதிவுகளை மறுபடி படித்தேன். மூன்று மாலுமிகள் இறந்ததை எழுதியவன் ஊர் எரிந்ததை எழுதாமல் விட்டிருக்கிறேன். நேர்மையானவர் என்ற என் கருத்துக்கு அது இடைஞ்சல் என்பதால் கை தானாகத் தாண்டிப் போயிருக்கிறது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவன் இப்படிச் செய்திருக்கக் கூடாது. திருத்தியதற்கு நன்றியம்மா.

இப்போது என் கருத்து இது. கம்பெனி வழக்கில் தான் உட்காரக் கூடாது என்று அவருக்குத் தெரிந்தது. அது உண்மையான நேர்மை, அதை நான் திரும்பப் பெறமாட்டேன். சக வெள்ளைத் தொழிலாளியின் கண்ணில் தான் எப்படித் தெரிவோம் என்று யோசித்த மனிதர் அவர். அதே யோசனை நஹ்விட்டிக் கரைவரை போகவில்லை. அங்கேயும் அவர் ஒரு கட்சியின் ஆள்தான். மாஜிஸ்திரேட் பதவியை விட்டுவிட்டு, ஆளுநரின் தூதராகப் போய் நின்றார்.

---

எஸ்கிமால்ட் குகன்

வேம்படியான் ஐயா, போன கோடை விடுமுறையில் ஃபோர்ட் ரூபர்ட் போயிருந்தோம். ‘ஹெல்ம்கன்’ என்ற பெயரில் உள்நாட்டில் 141 மீட்டர் உயர அருவி ஒன்றும் இருக்கு, அதையும் பார்த்தோம். அவர் அந்த அருவியைக் கண்ணால் கண்டதே இல்லையாம்.

கோட்டை 1889இல் எரிந்துபோச்சு. கல் புகைபோக்கி ஒன்றுதான் மிச்சம். சுற்றிலும் குவாகியுத்ல் மக்களின் ஊர் உயிரோடு இருக்கு, சடங்குகள் நடக்கும் பெரிய வீடு இருக்கு, மரச் சிற்பம் செதுக்குகிறார்கள். கரி பேரளவில் கிடைக்காமல் கம்பெனி 1852இலேயே நனைமோவுக்குச் சுரங்கத்தை மாற்றிவிட்டது. கோட்டை எதற்காக வந்ததோ அது மூன்று வருசம்கூட நிற்கவில்லை.

நஹ்விட்டி ஊருக்கு நாங்கள் போகவில்லை. தீவின் வடமுனையைத் தாண்டி ஹோப் தீவுப் பக்கம், படகில்தான் போகவேணும். த்லாத்லாசிக்வாலா என்ற பெயரில் அவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அந்தத் தீவும் அவர்களுடையதுதான். அடுத்த ஆடி மாதம் ஒரு படகுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய அனுமதி வாங்கித்தான் இறங்கவேணும் என்றார். கிடைத்தால் போய்ப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.

---

செம்பருத்தி

குகன் அண்ணா, போனால் ஒன்று மட்டும் கேட்டு வாருங்கள். அந்தத் தோல்களை அவர்கள் கொடுக்க முன்வந்ததைப் பற்றி அவர்கள் வீடுகளில் ஏதாவது சொல்லிவைத்திருக்கிறார்களா என்று.